தோர்ன்பி வீட்டுக் கோப்பைகள்

2007 மார்ச், ஒரு சனிக்கிழமை. காலை 7.35. எசன் ரயில் நிலையம்.

ஜெர்மனியில் வார இறுதிச் சீட்டு என்று ஒன்று உண்டு. விலை முப்பத்து மூன்று யூரோ. அதை வைத்துக்கொண்டு ஐந்து பேர் வரை, சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, நாள் முழுக்க நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். விரைவு வண்டிகளில் மட்டும் ஏறக்கூடாது. ஆஹெனில் படிக்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த நாட்டைப் பார்த்ததெல்லாம் அந்தச் சீட்டின் புண்ணியத்தில்தான். வழக்கமாக ஐந்தாவது ஆளைத் தேடி நடைமேடையில் அலைவோம். அன்று இரண்டே பேர்: முந்தின இரவே எசனுக்கு வந்துவிட்ட நானும் ஜெசிந்தா அக்காவும்.

அக்கா, முழுப்பெயர் ஜெசிந்தா குரூஸ், மன்னார்க்காரர். அகதியாக வந்து பதினேழு வருடம் ஆகிறது. எசனில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு இருந்தபோது நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தேன். ஈரோட்டில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் “சும்மா சுளுக்குதான்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அறையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே, “பொய் சொன்னால் எலும்பு பொருந்தாது, பிள்ளை” என்றார். அப்படித்தான் பழக்கம்.

அந்த மருத்துவமனை துப்புரவு வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டது. மார்ச் முடிவோடு அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. புது நிறுவனம் தருவதாகச் சொன்னது ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லை. அக்காவின் முழங்கால் இரண்டும் அதற்குத் தயாராக இல்லை. ஆகவே அன்று நாங்கள் போனது சுற்றிப்பார்க்க அல்ல, ஒரு வேலைக்கு. அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஆம்ப்ரோஸ் தோர்ன்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயர். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, பாட் எம்ஸ் ஊற்றுத் தண்ணீர் குடிக்க ஜெர்மனி வந்தார். ஒரு கோடைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. லான் நதிக்கரையில், ஹோல்ஸ்பாஹ் என்ற சிற்றூரில், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருபது வருடத்துக்கு மேல் அதற்குள்ளேயே இருந்தார். லண்டனிலிருந்து பார்க்க வந்தவர்களைக் கதவில் ஒரு சீட்டு எழுதி ஒட்டித் திருப்பி அனுப்பினார். ஏலத்தில் வாங்கிய ஒரு பாரசீகக் கையெழுத்துப் பிரதி, ஒரு அகராதி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாலடிச் செய்யுள்களாக மொழிபெயர்த்துத் தள்ளினார். முதல் பதிப்பில் தன் பெயர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பாரசீகத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

ஆஹென் பழம்பொருள் சந்தையில் இரண்டு யூரோவுக்கு அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஜெர்மன். நான் படிப்பது பீங்கான் பொறியியல். களிமண்ணையும் மெருகுப்பூச்சையும் நுண்ணோக்கியில் பார்த்து ஆய்வேடு எழுத வேண்டியவள், மூன்று மாதம் ஆய்வகக் குறிப்பேட்டில் தோர்ன்பியைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆர்வம் தாங்காமல் அவர் வீட்டைப் பார்க்கலாமா என்று ஹோல்ஸ்பாஹ் நினைவு இல்லச் சங்கத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் வந்தது: வீடு மூடியிருக்கிறது, பராமரிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார், புது ஆள் கிடைத்தால் ஈஸ்டருக்குப் பிறகு திறப்போம். அடியில் ஒரு வரி. பராமரிப்பாளருக்கு மாடியில் இரண்டு அறையும் தோட்டமும் உண்டு. தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் சொல்லவும்.

கடிதத்தைப் படித்த பத்தாவது நிமிடம் அக்காவுக்குத் தொலைபேசினேன்.

காலை 8.58. கொலோன்.

வண்டி மாற வேண்டும். பதினேழு நிமிட இடைவெளி. பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் நிலையக் கண்ணாடிக் கூரைக்கு மேல் கறுப்பாகத் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“உள்ளை போய் ஒரு மெழுகுதிரி கொளுத்த நேரம் காணாதோ?”

“காணாதுக்கா. வரும்போது கொளுத்தலாம்.”

“வரேக்கை என்னத்துக்கு? போகேக்கை கொளுத்தினால்தானே பிரயோசனம்.”

கோப்லென்ஸ் வண்டியில் இடம் கிடைத்தது. பான் தாண்டியதும் ரைன் நதி இடப்பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்கு அது நம்மை விடுவதில்லை. சரக்குப் படகுகள், செங்குத்தான சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், மேலே உடைந்த கோட்டை. நான் சன்னலோடு ஒட்டிக்கொண்டேன். அக்கா வெளியே பார்க்கவேயில்லை. மடியில் நான் எழுதிக்கொடுத்த பன்னிரண்டு பக்கம்.

வேலைக்கான நிபந்தனைகளில் ஒன்று, வருகிறவர்களுக்குக் கவிஞரைப் பற்றிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அக்கா ஜெர்மன் நன்றாகப் பேசுவார். வாசிப்பதுதான் மெதுவாக வரும். செய்யுள் ஜெர்மன் அவருக்கு ஆகாது. அதனால் கவிஞர் வரலாற்றையும் ஏழு செய்யுள்களையும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். தமிழில் படித்து மனதில் வாங்கிக்கொண்டு ஜெர்மனில் தன் வார்த்தையில் சொல்வது என்பது எங்கள் திட்டம். ஏழில் அக்காவுக்குப் பிடித்தது மூன்றாவது:

மலைக்குப் பின்னே வெளிச்சம் போயாயிற்று.
என் கோப்பையைத் துடைத்தேன், எதிரே இன்னொன்று வைத்தேன்.
பெயர் சொல்லாத விருந்தாளியே,
கதவை நான் தாழிடவில்லை.

“எனக்கு உந்த இடம்தான் பிள்ளை பிடிச்சது. தனி மனிசன். எண்டாலும் ரெண்டு கோப்பை வைக்கிறார். ஆரோ பசியோடை வருவான் எண்டு நினைக்கிறார் எல்லோ?”

பசி என்று அவர் சொன்னதை நான் ஆன்மாவின் பசி என்று எடுத்துக்கொண்டேன். என்ன ஆழமான வாசிப்பு என்று மெய்மறந்து, “சூப்பர்க்கா, இதை அப்படியே சொல்லுங்க, அசந்துபோவாங்க” என்றேன்.

“மெய்யாவோ?”

“மெய்யாத்தான். ஹண்ட்ரட் பர்சென்ட்.”

பகல் 11.25. ஹோல்ஸ்பாஹ்.

கோப்லென்ஸில் மறுபடி மாறி, இரண்டே பெட்டி உள்ள வண்டியில் லான் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தோம். இருபது நிமிடத்தில் பாட் எம்ஸ்: வெளிர்மஞ்சள் மாளிகைகள், தங்கக் குமிழ் வைத்த ஒரு ரஷ்யத் தேவாலயம். நதி ரைனைப் போல அகலமில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம். மார்ச் மாதமாகையால் பழுப்பு நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஹோல்ஸ்பாஹில் வண்டி தானாக நிற்காது. நடத்துநர் வந்து சொன்னார்: “இறங்கணும்னா பொத்தானை அழுத்துங்க. இல்லைன்னா லிம்பூர்க்தான்.” அக்கா மூன்று தடவை அழுத்தினார்.

நிறுத்தத்திலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர், ஆற்றோரப் பாதை. முன்பு குதிரைகள் கயிறு கட்டிப் படகுகளை இழுத்துப் போன பாதை அது. அக்கா எசனிலிருந்து புதுச் சப்பாத்துப் போட்டு வந்திருந்தார். பாதி வழியில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பையில் கொண்டுவந்த பழையதை மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு நூறடி இருக்கும்போது மறுபடி மாற்றிக்கொண்டார்.

வீடு எதிர்பார்த்ததைவிடச் சின்னது. கல் சுவர், கற்பலகைக் கூரை, பச்சைக் கதவு. சங்கத் தலைவி ஃப்ராவ், அதாவது திருமதி, ட்ரெக்ஸ்லர் கம்பளித் தொப்பியோடு வாசலில் நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவர். இருபது வருடமாக வார இறுதிகளில் இந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர். நேர்முகம் ஒரு மணிக்கு. அதற்குள் வீட்டைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார்.

கீழே படிப்பறை. சாய்மேசை மேல் கண்ணாடிக்கு அடியில் தோர்ன்பியின் குறிப்பேடு, அக்காவுக்குப் பிடித்த அதே மூன்றாம் செய்யுளில் திறந்திருந்தது. எழுத்து முழுக்க இடமிருந்து வலமாக ஒரு புகைமூட்டம். “இடதுகைக்காரர்,” என்றார் ஃப்ராவ் ட்ரெக்ஸ்லர். “எழுதின ஈரத்து மேலேயே சட்டைக் கை தேய்ச்சுக்கொண்டு போகும். பாரசீகம் மட்டும் சுத்தமா இருக்கும் பாருங்க. அது வலமிருந்து இடமாகப் போகுதே.” நான் குனிந்து, மூச்சில் கண்ணாடி மங்கும்வரை பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு பாரசீகச் சொல்லைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தார். அதன் நாலு எழுத்தையும் பேனாவால் உள்ளங்கையில் வரைந்துகொண்டேன்.

அறையின் நடுவே ஒரு தூண். அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, அதற்கென்று ஒரு விளக்கு. உள்ளே பச்சைக் கண்ணாடி மதுக்கிண்ணம், ஒன்றே ஒன்று. “இதுதான் எல்லாரும் பார்க்க வருவது,” என்றார் அவர். “இருபது வருடம் தனியாக உட்கார்ந்து, வராத விருந்தாளிக்காக மது ஊற்றி வைத்த மனிதர்.”

கடைசியாகச் சமையலறை. கறுத்த அடுப்பு, கல்தொட்டி, ஒரு தட்டு அலமாரி. அக்கா அங்கேதான் அதிக நேரம் நின்றார். தொடலாமா என்று கேட்டுவிட்டு அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஆறு தட்டு. ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் நீலத்தில் ஒரு குருவி.

“என்னக்கா பாக்கறீங்க?”

“சும்மா. ஆரோ நல்லாக் கழுவியிருக்கினம்.”

பகல் 1.00. படிப்பறை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஃப்ராவ் ட்ரெக்ஸ்லர், பொருளாளர் ஹெர் பீல். குழுவின் மூன்றாமவருக்குக் காய்ச்சல், வரவில்லை. ஹெர் பீல் நதிப் போக்குவரத்துத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் வைத்திருந்தார். நான் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். துணைக்கு வந்தவர் பேசக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகப் போயிற்று. விறகு அடுப்பு தெரியுமா? தெரியும். குளிர்காலத்தில் ஆறு தோட்டத்துக்குள் வரும், பயமில்லையா? “நான் பிறந்த வீட்டுக்குக் கடல் வரும். ஆறு மெதுவாக வரும், சொல்லிவிட்டு வரும்,” என்றார் அக்கா. ஃப்ராவ் ட்ரெக்ஸ்லர் சிரித்தார். ஹெர் பீல் ஒரு கட்டத்தில் குறி போட்டார்.

“இப்போது கவிதை. ஃப்ராவ் குரூஸ், உங்களுக்குப் பிடித்த செய்யுள் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வார்த்தையில் போதும்.”

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டது. ஒரு மனிதர் தனியாக இருக்கிறார். தன் தட்டைத் துடைக்கிறார். எதிரில் இன்னொரு தட்டு வைக்கிறார். யாரோ பசியோடு வரலாம். கதவைப் பூட்டவில்லை.

தட்டு. டெல்லர் என்றார்.

ஹெர் பீல் பேனாவை நிறுத்தினார். “தட்டு இல்லை. கிண்ணம். மதுக்கிண்ணம்.” தூண் மேலிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பேனாவால் காட்டினார். “இதைப் பார்க்கத்தான் மக்கள் வருகிறார்கள்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஈரோட்டில் கோப்பை என்றால் குடிப்பது. மன்னாரில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது. மூன்று வாரமாக நாங்கள் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பேசக்கூடாது என்பதை மறந்து எழுந்துவிட்டேன்.

“தப்பு என்னுடையது. நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதின சொல் எங்கள் ஊரில் கிண்ணம், இவர் ஊரில் தட்டு. இவர் சரியாகத்தான் படித்தார்.”

“ஒரே மொழிதானே?” என்றார் ஹெர் பீல்.

“ஒரே மொழிதான்.”

“அப்படியானால் வருகிறவர்களுக்கு இவர் எதைச் சொல்வார்?” கேள்வியில் கேலி இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். அதுதான் மோசம். படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போனார். எனக்கு அந்த முக்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அக்காவின் முழங்காலுக்கும் அந்த ஐந்து மாடிக்கும் நடுவில் இருந்த ஒரே கதவை, அவசரக்குடுக்கை நான், ஒரு சொல்லால் சாத்திவிட்டேன்.

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக: “மன்னிக்கவும். கவிதையில் கிண்ணம். சரி. ஆனால் வீட்டில் தட்டுத்தான்.”

“எந்த அர்த்தத்தில்?” என்றார் ஃப்ராவ் ட்ரெக்ஸ்லர்.

“சமையலறைக்கு வாங்கோ. தயவுசெய்து.” வாங்கோ என்று தமிழில்தான் சொன்னார். எல்லோரும் எழுந்து போனோம்.

அக்கா ஆறு தட்டையும் சன்னல் திட்டில் பரப்பினார். நான்கு பளபளவென்று இருந்தன. இரண்டு மங்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த இரண்டில் மட்டும் கத்திக் கீறல், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கில். நான் பீங்கான் மெருகு படிக்கிறவள். சற்று முன்பு அதே தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று அடுப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“நான் மருத்துவமனைக்கு முன் ஆறு வருடம் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன்,” என்றார் அக்கா. “ஒரு ஆள் தனியாகச் சாப்பிட்டால் ஒரு தட்டுத்தான் தேயும். அடுக்கில் மேலே இருப்பதை எடுப்பார், கழுவி மேலேயே வைப்பார். எல்லா ஆண்களும் அப்படித்தான். இங்கே இரண்டு தேய்ந்திருக்கிறது. ஒரே அளவு.”

ஹெர் பீல் விடவில்லை. “காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று வைத்திருக்கலாம்.”

“நீங்கள் வைத்திருக்கிறீர்களா, ஹெர் பீல்?”

அவர் யோசித்தார். “இல்லை,” என்றார்.

ஃப்ராவ் ட்ரெக்ஸ்லர் அதற்குள் கைவிளக்கு எடுத்து வந்திருந்தார். தேய்ந்த இரண்டையும் குருவி மேலே வருகிற மாதிரி அருகருகே வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தார். பிறகு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அங்கிருந்த விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு தட்டில் கீறல்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. மற்றதில் இடப்பக்கம். கண்ணாடியில் பார்த்த மாதிரி.

“இடதுகை,” என்றார் அவர். “இது அவருடையது. அப்படியானால் அது…” நிறுத்தினார். “இருபது வருடமாக இந்தத் தட்டுகளை நானேதான் கழுவுகிறேன். கழுவிவிட்டுப் படிப்பறைக்குப் போய், அவர் தனியாகச் சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”

“இது நிரூபணம் ஆகாது,” என்றார் ஹெர் பீல். ஆனால் அவரும் குனிந்துதான் இருந்தார்.

“நிரூபணம் இல்லை,” என்று அக்கா ஒப்புக்கொண்டார். “பாத்திரம்.”

எதிரே உட்கார்ந்தது யார்? மதகுக்காரரா, துணி துவைத்த பெண்ணா, படகோடிகளில் ஒருவரா? அடுத்த அரைமணி நேரம் சங்கத்துக்காரர்கள் இருவரும் ஊர்ப் பதிவேடுகளைப் பற்றிப் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. லண்டன் பிரபுக்களைச் சீட்டெழுதித் திருப்பி அனுப்பியவர், இந்த ஊரில் யாரோ ஒருவரோடு தினமும் உருளைக்கிழங்கு வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எழுதியதெல்லாம் வராத விருந்தாளியைப் பற்றி. வந்தவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அக்கா யார் என்று ஊகிக்கவில்லை. தட்டுகளைத் துடைத்து, எடுத்த வரிசையிலேயே அடுக்கினார்.

மாலை 3.10.

மூன்றாமவரிடம் கேட்க வேண்டும், வேறு இரண்டு விண்ணப்பங்களும் இருக்கின்றன, கடிதம் வரும் என்றார்கள். கை குலுக்கினோம். அடுத்த வண்டி 4.22க்கு. ஆற்றோரமாகவே நடந்தோம்.

“சாரிக்கா,” என்றேன். “நான் ஒரு தடவை செக் பண்ணியிருக்கணும்.”

“உங்கட ஊரிலை சோத்தை என்னத்திலை போட்டுச் சாப்பிடுறனியள்?”

“தட்டுல.”

“தட்டு எண்டால் எங்களுக்கு அலுமாரித் தட்டு. உங்கட ஆக்கள் அலுமாரியிலை சாப்பிடுற ஆக்கள்.”

“அப்போ நீங்க டீ எதுலக்கா குடிப்பீங்க?”

“தேத்தண்ணியோ? பேணியிலை. கோப்பையிலை ஊத்தினால் மடியிலை எல்லோ ஊத்துப்படும்.” சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “சரிவராட்டியும் பரவாயில்லைப் பிள்ளை,” என்றார். “ஆனால் அந்தக் குசினி நல்ல குசினி. சன்னலுக்கு நேரை ஆறு. கழுவேக்கை பாக்கலாம்.” அதைச் சொன்ன குரலில் பரவாயில்லை என்பது கொஞ்சமும் இல்லை.

நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. கையில் வரைந்த பாரசீக எழுத்துகளை ஆய்வகத் தோழன் ஒருவனுக்குத் தொலைபேசியில் ஒவ்வொன்றாக வருணித்தேன். ஈரானில் ஷிராஸ் ஊர்க்காரன். இரண்டாம் தடவையில் பிடித்துவிட்டான். காஸே. குழிந்த பாத்திரம். “சூப் ஊற்றலாம், தயிர் ஊற்றலாம்,” என்றான். மது? “கவிஞனிடம் வேறு பாத்திரம் இல்லாவிட்டால் மதுவும் ஊற்றலாம்.”

மூன்று வட்டம் போட்டு யோசித்துவிட்டு, லண்டன் வாசகர்களுக்கு மதுக்கிண்ணம்தான் பிடிக்கும் என்று தோர்ன்பி முடிவு செய்திருக்கிறார். மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வேறு வழி அவருக்கு இல்லை. என் குறிப்பேட்டைத் திறந்து, ‘கோப்பை’யை அடித்துவிட்டுக் கிண்ணம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடிவிட்டேன். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் குடிக்கவும் அந்தப் பக்கம் சாப்பிடவும் உதவுகிற ஒரு சொல் ஆங்கிலத்திலும் இல்லை, ஜெர்மனிலும் இல்லை. நம்மிடம் இருக்கிறது. நான் யோசித்து வைத்ததல்ல; இருந்தாலும் அதை ஏன் கெடுப்பானேன்.

மாலை 4.17. ஹோல்ஸ்பாஹ் நிறுத்தம்.

ஆற்றுப்பாதையில் ஒரு மிதிவண்டி வந்தது. ஓட்டியவர் கழுத்துப்பட்டையும் கோட்டுமாக இருந்தார். ஹெர் பீல்.

“குடையை விட்டிட்டு வந்திட்டமோ?” என்றார் அக்கா. குடை பையில் இருந்தது.

அவர் மிதிவண்டியைக் கம்பத்தில் சாய்த்து, மூச்சு வாங்க, கோட்டுப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்தார். “ஃப்ராவ் குரூஸ், ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. உங்கள் சப்பாத்து அளவு.”

“என்ன?”

“சப்பாத்து அளவு. வெள்ளம் வந்தால் தோட்டத்தில் முழங்கால்வரை சேறு. பராமரிப்பாளருக்குச் சங்கம் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கும். விதிமுறையில் இருக்கிறது. நான் திங்கட்கிழமை பக்கத்து ஊர் நஸ்ஸாவுக்குப் போகிறேன், கடை அங்கேதான்.”

அக்கா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

“முப்பத்தேழு,” என்றார்.

அவர் எழுதினார். மேலே, காலியாக விட்டிருந்த கவிதைக் கட்டத்தில் ஏற்கெனவே எதையோ எழுதியிருந்தது தெரிந்தது. என்ன என்று படிக்க முடியவில்லை. “காய்ச்சல்காரரிடம் பேசிவிட்டோம். முறைப்படி கடிதம் வரும். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதனால் வேலை இரண்டாம் தேதி முதல்,” என்றார். கை குலுக்கினார். வண்டி வளைவில் தலைகாட்டியது. ஓட்டுநர் நிறுத்தாமல் போய்விடுவார் என்று பயந்தோ என்னவோ, ஹெர் பீல் நடைமேடை விளிம்பில் நின்று கையைத் தூக்கி அசைத்தார்.

எங்கள் ஊரில் வேலை கிடைத்தது என்றால் முதலில் தொலைபேசி அலறும், பிறகு லட்டு வரும், தெருவில் நாலு வீட்டுக்காவது தெரிந்துவிடும். இங்கே ஒரு மனிதர் ஒன்றரைக் கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்து வந்து கால் அளவு கேட்கிறார், அவ்வளவுதான். இரண்டு வருடமாக இந்த நாட்டை அதன் படிவங்களுக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று அந்தப் படிவத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று தோன்றியது.

வண்டி கிளம்பியது. இடப்பக்கம் ஆறு, அப்புறம் மதகு, பச்சைக் கதவு, சமையலறைச் சன்னல். எல்லாம் ஐந்து நொடிக்குள் போயிற்று. அக்கா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட் எம்ஸ் வரை அப்படியேதான். அழுகிறாரோ என்று நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

“பிள்ளை,” என்றார் கடைசியில்.

“சொல்லுங்கக்கா.”

“முப்பத்தெட்டு எண்டு சொல்லியிருக்கோணும். குளிருக்கு உள்ளை தடிச்ச காலுறை போடோணும் எல்லோ. அந்தாளின்ரை ஃபோன் நம்பர் உன்னட்டை இருக்கே?”